கல்மரமும் நான்கு சொற்களும்: திருவக்கரைக்கு ஒரு நாள் பயண வகுப்பு

புதுச்சேரியிலிருந்து காலையில் திருவக்கரைக்கு அழைத்துச் சென்று, மதியம் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்குத் திரும்பக் கூட்டிவந்து, பரிணாமவியலில் புழங்கும் நான்கே நான்கு சொற்களை மட்டும் விளக்கி அனுப்பும் ஒரு பயண வகுப்பில் சென்ற ஞாயிற்றுக்கிழமை கலந்துகொண்டேன். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் தம் பழைய மாணவர்கள் இருவரின் துணையோடு இதை நடத்துகிறார். வேன் செலவு, இரண்டு வேளை உணவு, 28 பக்கக் கையேடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 850 ரூபாய் வாங்குகிறார்கள். பல ஆண்டுகளாக அறிவியல் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருபவன் என்ற முறையில், ஒரு கலைச்சொல்லுக்காக ஒரு முழுப் பகலைச் செலவிட யாரேனும் அழைத்தால் நான் மறுக்கமாட்டேன். அந்தப் பகல் வீண்போகவில்லை என்பதையும், ஓர் இடத்தில் மட்டும் வகுப்பு பெரிதாகச் சறுக்கியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆறரை மணி. வேன் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பதினான்கு பேர் இருந்தோம். வழியில் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். குறை சொல்ல ஏதுமில்லை.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்திலிருந்து புதுச்சேரி வரும் சாலைக்கு அருகில் இருக்கிறது. சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியையும் வணங்க வருகிறவர்களில் பலர் அருகிலிருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் சோனரா 1781 இலேயே இந்தக் கல்மரங்களைப் பற்றிக் குறித்துவைத்தார். 1940 இல் அமைக்கப்பட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இன்றும் இருக்கும் இந்த 247 ஏக்கர் நிலத்தில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இவற்றைத் தாங்கியிருக்கும் பாறையடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் கடலூர் மணற்கல். எங்கள் ஊர்ப் பெயர் பாறைக்கு இருப்பதை அங்கே நின்றுகொண்டு ஆசிரியர் வாயால் கேட்டபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஆசிரியர் நேரே சொற்களுக்குப் போகவில்லை. படுத்துக் கிடந்த ஓர் அடிமரத்தின் முன்னால் எங்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் பார்க்கச் சொன்னார். தொட அனுமதி இல்லை. குனிந்து பார்த்தால் போதும். மரத்தின் நார் ஓடிய திசை அப்படியே இருக்கிறது; கணு இருந்த இடத்தில் நார் வளைந்து போவதும், வெட்டு முகத்தில் வளையங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்பதும், பட்டை உரிந்த இடத்தின் சொரசொரப்பும் தெரிகின்றன. ஆனால் அது முழுக்கச் சிலிக்கா. மரத்தின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நீரில் கரைந்து வந்த கனிமம் படிந்து, மரம் மட்கிப்போன இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுல என்ன இல்லை?" எங்களோடு வந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி சட்டென்று சொன்னாள்: "கிளை இல்லை சார், வேரும் இல்லை." அதுதான் விடை. இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. வழியிலேயே கிளையும் வேரும் இலையும் போய்விட்டன. இவை அசுரனின் எலும்புகள் என்று ஊரில் வழங்கும் கதையையும் அவர் மரியாதையோடு சொன்னார். செத்தது ஒன்று வேறிடத்திலிருந்து வந்து கிடக்கிறது என்பதைக் கதை சொன்னவர்களும் கண்டிருக்கிறார்கள் என்றார்.

அங்கிருந்துதான் முதல் சொல்லுக்குப் போனார். லாசரஸ் டாக்சான் என்பது அது. டாக்சான் என்றால் உயிரினங்களை வகைப்படுத்தும்போது சிற்றினம், பேரினம், குடும்பம் என எந்த மட்டத்திலும் வைக்கக்கூடிய ஒரு தொகுதி. அந்தத் தொகுதியின் புதைபடிவம் ஒரு பாறையடுக்கில் கிடைக்கிறது. அதற்கு மேலுள்ள அடுக்குகளில் பல லட்சம் ஆண்டுகளுக்குக் காணவில்லை. அழிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதி முடித்தபின், இன்னும் மேலே ஓர் அடுக்கில் அதே தொகுதி மறுபடி தலைகாட்டுகிறது. கார்ல் ஃபிளெசாவும் டேவிட் ஜாப்லோன்ஸ்கியும் 1983 இல் இதற்கு லாசரின் பெயரை வைத்தார்கள். யோவான் நற்செய்தியின் 11 ஆம் அதிகாரத்தில், இறந்து நான்கு நாள் ஆனபின் கல்லறையிலிருந்து வெளியே வந்தவர் அவர். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் இலாசர், சீர்திருத்தச் சபையினர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் லாசரு. புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு லாசர் இருப்பார் என்பதால் இந்தப் பெயரை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலைச்சொல் ஒன்று இவ்வளவு எளிதாக ஓர் ஊருக்குள் நுழைவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆசிரியர் இங்கே செய்ததுதான் இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி. சொல்லின் உவமை பாதிதான் பொருந்துகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நற்செய்தியின் லாசர் உண்மையிலேயே இறந்தார். பாறையின் லாசரோ ஒரு நாளும் இறக்கவில்லை. எண்ணிக்கை குறைந்து எங்கோ ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அது வாழ்ந்த காலத்துப் பாறை நமக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். சேறு படியாத இடத்தில் வாழ்ந்து தடம் விடாமல் போயிருக்கலாம். இறந்ததாகத் தோன்றியது நம் ஏட்டில் மட்டுமே. ஆகவே "உயிர்த்தெழுந்த இனம்" என்று தமிழில் எழுதினால் உவமையின் பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்தவர்களாவோம் என்றார் அவர். அவர் முன்வைத்த சொல் "அஞ்ஞாதவாச இனம்." பாண்டவர்கள் பதின்மூன்றாம் ஆண்டில் விராட நகரத்தில் இருந்தார்கள்; உயிரோடுதான் இருந்தார்கள்; தேடியவர்களின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் கேட்டு வளர்ந்த இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. அதைக் கேட்ட இடத்திலேயே கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இதற்கு அவர் காட்டிய உதாரணம் சீலக்காந்த் மீன். டைனோசர்களோடு சேர்ந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்ததாக நம்பப்பட்ட அந்த மீன் வகை, 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகின் வலையில் வந்து கிடந்தது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் அதைக் குவியலிலிருந்து பிரித்தெடுத்தார், ஜே. எல். பி. ஸ்மித் அவர் பெயராலேயே அதை லாட்டிமேரியா என்று அழைத்தார். இரண்டாவது இனமொன்று 1997 இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு மீன் சந்தையில் கண்ணில் பட்டது. மீன் வாங்கத் தெரிந்த ஊரில் இந்தக் கதையைச் சொல்வது வேறு அனுபவம். வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அந்த மீனை அங்க இருக்கிறவங்க முன்னாடியே பாத்திருப்பாங்களே?" என்று கேட்டார். கேள்வி சரியானது, அதே மீன் வாழும், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கொமோரோ தீவுகளின் மீனவர்களுக்கு அந்த மீன் முன்பே பழக்கம், அவர்களிடம் அதற்குப் பெயரும் இருந்தது. யாருடைய ஏட்டில் காணாமல் போனது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது சொல் எல்விஸ் டாக்சான். டக்ளஸ் எர்வினும் மேரி டிரோசரும் 1993 இல் உருவாக்கியது. மீண்டும் வந்ததாகக் கருதப்படும் உயிரி, உண்மையில் பழைய உயிரியின் வழித்தோன்றலே அல்ல. வேறொரு கிளையிலிருந்து வந்து, ஒரே மாதிரியான வாழ்க்கை நெருக்கடியில் அதே வடிவத்தை அடைந்த இன்னொன்று. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 இல் இறந்தபின் அவரைப் போல உடுத்தி அவரைப் போலப் பாடியவர்கள் பலர்; விவிலியப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடர்வதைவிடக் காலத்துக்கேற்ற பெயர் வைப்போம் என்று அந்த இரு ஆய்வாளர்களும் வெளிப்படையாகவே எழுதினார்கள். இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்தால்தான் சொல்விளையாட்டின் முழு அழகும் தெரியும்: லாசர் என்றால் வந்தவர் அவரேதான், எல்விஸ் என்றால் வந்தவர் அவரைப் போன்றவர். பாறையில் ஒரு புதைபடிவத்தைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

எல்விஸைத் தமிழுக்குக் கொண்டுவர ஆசிரியர் கோவில் திருவிழா மேடைகளுக்குப் போனார். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் அணிந்து எம்.ஜி.ஆர். ஆக வந்து ஆடுகிறவரைக் கண்டு கைதட்டாத ஊர் நம் பக்கத்தில் இல்லை, எம்.ஜி.ஆர். 1987 இல் மறைந்தார், மேடையில் வருபவர் அவருக்கு உறவும் இல்லை, ஆனாலும் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற பாட்டிக்கு அவர்தான் இவர். அதோடு அவர் நிற்கவில்லை. தெருக்கூத்தில் "வேடம் கட்டுதல்" என்று சொல்வதை நினைவூட்டி, "வேடங்கட்டி இனம்" என்ற சொல்லைக் கொடுத்தார். வேடம் என்றாலே ஏமாற்று என்ற பொருள் இப்போது ஏறிவிட்டதே என்று நான் தயங்கியபோது, கூத்தில் வேடம் கட்டுகிறவர் யாரையும் ஏமாற்றுவதில்லை, முகத்தில் அரிதாரம் பூசுவதை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

டிரயாசிக் காலத்தில் வாழ்ந்த ரேட்டினா என்ற பிராக்கியோபாடு ஓட்டுயிரி அதற்கடுத்த ஜுராசிக் காலத்திலும் தொடர்ந்ததாகக் கருதப்பட்டு, பிறகு அது வேறொரு உயிரியின் ஓடு என்று தெரியவந்ததை உதாரணமாகச் சொன்னார். எல்லோருக்கும் பிடித்ததென்னவோ ஆல்டாப்ரா தீவின் பறவைக் கதைதான். செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அந்தப் பவளத்தீவில், மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்த கானாங்கோழிக் குடும்பத்துப் பறவையொன்று பறக்கும் திறனை இழந்து வாழ்ந்தது. சுமார் 1 லட்சத்து 36 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீவு முழுகியபோது அழிந்தது. கடல் மட்டம் தாழ்ந்து தீவு வெளிப்பட்டபின் அதே தாய் இனம் மறுபடி பறந்து வந்து, மறுபடி பறக்கும் திறனை இழந்தது. ஜூலியன் ஹியூமும் டேவிட் மார்ட்டிலும் 2019 இல் புதைபடிவங்களைக் கொண்டு இதை நிறுவினார்கள். தாய் இனம் ஒன்றே என்பதால் எல்விஸ் என்ற சொல்லுக்கு இது சற்று விலகிய உதாரணம் என்று ஆசிரியரே எச்சரித்தார். இப்படி எல்லை சொல்லி உதாரணம் தருகிற ஆசிரியர்கள் குறைவு.

மூன்றாவது சொல்லை விளக்க அவர் எங்களைப் பூங்காவுக்கு வெளியே, மழைநீர் அரித்துப் பள்ளமாகியிருந்த ஒரு செம்மண் ஓடைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வற்றி மணல் மட்டும் இருந்தது. அந்த மணலில் விரல் நீளத்துக்கு ஒரு கல்மரச் சில்லும், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சோடா பாட்டிலின் மூடியும் கிடந்தன. இரண்டையும் சென்ற மழைக்காலத்து நீர்தான் அங்கே கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அவர் எதையும் எடுக்கவில்லை, எங்களையும் எடுக்கவிடவில்லை. இந்த மணல் ஒரு நாள் இறுகிப் பாறையாகி, அதை உடைத்துப் பார்க்கிற ஒருவர் இரண்டையும் ஒன்றாகக் கண்டால், சோடா குடித்தவர்கள் காலத்தில் அந்த மரமும் இங்கே காடாக நின்றது என்றுதானே எழுதுவார் என்று கேட்டார். அதுதான் ஜாம்பி டாக்சான்; ஜாம்பி என்றால் கதைகளில் எழுந்து நடமாடும் பிணம். பழைய பாறையிலிருந்து அரித்தெடுக்கப்பட்டு, புதிய படிவில் போய்ப் புதைந்த எச்சம். டைனோசர்கள் மறைந்த பிறகு படிந்த மண்ணில் அவற்றின் பற்கள் கிடைக்கும் குழப்பத்தைப் பற்றி எழுதியபோது ஜே. டேவிட் ஆர்ச்சிபால்ட் 1996 இல் வைத்த பெயர் இது. புதுச்சேரிக்கு இது தொலைவிலுள்ள சிக்கலும் அல்ல: டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த வழுதாவூர்ப் படிவு இந்த ஊருக்கு அருகிலேயே இருக்கிறது, புதுச்சேரிப் பகுதியில் சேகரிக்கப்பட்ட சங்கு போலச் சுருண்ட ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரிகளான அம்மோனாய்டுகளைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இலேயே எழுதிவிட்டார். அந்த ஓடைக் காட்சிக்காக மட்டுமே 850 ரூபாய் கொடுக்கலாம்.

சறுக்கல் மதிய உணவுக்குப் பிறகு வந்தது. மாடி வகுப்பில் நான்காவது சொல்லான "டெட் கிளேட் வாக்கிங்" விளக்கப்பட்டது. ஒரு பேரழிவைத் தாண்டிப் பிழைத்தும், மீண்டும் தழைக்க முடியாமல், அடுத்த காலகட்டத்துக்குள் மெல்ல மெல்ல மறைந்துபோகும் கிளைக்கு, அதாவது ஒரே மூதாதையின் வழிவந்த உயிரினத் தொகுதிக்கு, ஜாப்லோன்ஸ்கி கொடுத்த பெயர். மரண தண்டனைக் கைதியைக் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லும்போது "செத்தவன் நடந்து வருகிறான்" என்று குரல் கொடுப்பதாகச் சொல்லப்படும் அமெரிக்கச் சிறை வழக்கிலிருந்து பிறந்தது. மனிதன் இருந்த இடத்தில் கிளையை வைத்தார், அவ்வளவே. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெர்மியப் பேரழிவில் தப்பிய புரோலெகானிட்டிட் அம்மோனாய்டுகள் அதற்கடுத்த டிரயாசிக் காலத்தைத் தாண்டவில்லை. வீட்டுப் பூசையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் அம்மோனாய்டு ஒன்றின் சுருளைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் சொன்னபோது மாடியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் கையேட்டில் ஜாம்பிக்கும் "நடைப்பிணம்" என்றே அச்சிட்டிருக்கிறார்கள், இதற்கும் "நடைப்பிணக் கிளை" என்றே அச்சிட்டிருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. இரண்டும் நேரெதிரானவை. ஜாம்பி எப்போதோ செத்தது, உயிரோடு இருந்ததாகத் தோன்றுகிறது. மற்றது உயிரோடுதான் இருக்கிறது, அதன் முடிவு எழுதப்பட்டுவிட்டது. தமிழில் நடைப்பிணம் என்று யாரைச் சொல்கிறோம்? மகனைப் பறிகொடுத்துவிட்டு, உண்டும் உறங்கியும் நாளைத் தள்ளுகிற தகப்பனைச் சொல்கிறோம். மூச்சு இருக்கிறது, வாழ்வு இல்லை. இந்தச் சொல் அச்சடித்தாற்போல ஜாப்லோன்ஸ்கியின் சொல்லுக்கே உரியது. அதிலும், கிளேட் என்பதன் கிரேக்க வேர் கிளை என்று பொருள்படுவது. தமிழிலோ கிளை என்றால் மரத்தின் கொம்பும் ஆகும், சுற்றமும் ஆகும். உறவினரைக் கிளைஞர் என்றே சொல்கிறோம். வம்சாவளியைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல இடம் வேறு மொழியில் கிடைத்திருக்காது. இவ்வளவு வாய்ப்பான சொல்லை இரண்டாகப் பிய்த்து ஜாம்பிக்கும் கொடுத்தது பெரிய இழப்பு. வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஜாம்பிக்கு என்ன வைக்கலாம் என்று என்னையே கேட்டார். "வேதாளம்" என்றேன். பிணத்துக்குள் புகுந்து முருங்கை மரத்தில் தொங்குகிற வேதாளத்துக்குச் சொந்த உடல் கிடையாது, செத்த உடலை இடம் மாற்றுவதுதான் அதன் வேலை. அரித்துக்கொண்டு வந்து வேறு அடுக்கில் போடுகிற ஓடைக்கும் அதே வேலைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கையேட்டில் இன்னொரு குறையும் உண்டு. 1900 க்குப் பிறகு காணப்படாமல் 1986 இல் கடப்பா மாவட்டத்தில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட ஜெர்டான் கோர்சர் பறவையை, தெலுங்கில் கலிவிகோடி என்பார்கள், லாசரஸ் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பறவை ஆர்வலர்கள் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் 86 ஆண்டுகள் கண்ணில் படாததும், பாறையில் பல லட்சம் ஆண்டுகள் தடமில்லாததும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதாகக் காட்டினால் மாணவர்கள் குழம்புவார்கள். ஒரு வரி விளக்கம் சேர்த்தால் சரியாகிவிடும். எழுத்துப்பிழைகள் ஏழு கண்டேன். பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மற்றவை சிறியவை. பூங்காவில் நிழல் குறைவு என்பதால் பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம் எடுத்துப்போக வேண்டும். செம்மண் ஓடையில் இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் மேலேயே நின்றுவிட்டார், அவருக்காக ஆசிரியர் திரும்ப ஏறிவந்து முழுவதையும் மறுபடி சொன்னார். மாடியில் மின்விசிறி ஒன்றுதான் இருந்தது. மீன்குழம்புச் சாப்பாடு நன்றாக இருந்தது. சைவம் வேண்டுவோர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்லலாம், ஆனால் எட்டாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு மதிய வகுப்பு சலிப்புத் தரும்.

அடுத்த பயணத்துக்கு முன் கையேடு திருத்தி அச்சிடப்படும் என்றும், பழைய கையேடு வைத்திருப்பவர்களுக்குப் புதியது இலவசம் என்றும் வேனில் திரும்பும்போது மாணவர்களில் ஒருவர் சொன்னார். நேற்று ஆசிரியரிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அஞ்ஞாதவாசம், வேடங்கட்டி, வேதாளம், நடைப்பிணம் என்று நான்கு சொற்களை வரிசையாக எழுதி, வேதாளத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.